பெண் பிள்ளையின் கையில் காசு இருந்ததா?

"பையன் துணிந்து இறங்குவான், பெண் பிள்ளை முடிச்சுப் போட்டு வைப்பாள், அது பிறவிக் குணம்." எங்கள் ராமநாதபுரம் கடற்கரையில், மண்டபம், பாம்பன் பக்கம் படித்தவர்களே இப்படித்தான் பேசுகிறார்கள். பொருளியல் ஆய்வுகளையும் துணைக்கு அழைக்கிறார்கள். நிச்சயமாகக் கிடைக்கும் சிறு தொகையா, தோற்றால் ஒன்றுமில்லாத பெரிய தொகையா என்று கேட்டால், பதின்பருவத்திலேயே பெண்கள் நிச்சயமானதை நாடுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. அதை நான் மறுக்கவில்லை. பிறவிக் குணம் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

மேகாலயாவின் காசி மக்களிடம் சொத்து தாய்வழியாக மகளுக்குப் போகிறது. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில் அவர்களைப் பந்தை வாளிக்குள் எறியச் சொன்னார்கள். விழும் பந்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்ளலாம். அல்லது இன்னொருவரோடு மோதி, வென்றால் மூன்று மடங்கு, தோற்றால் வெறுங்கை. மோதத் துணிந்தவர்களில் காசிப் பெண்கள் ஆண்களை மிஞ்சினார்கள். ஆண்களின் கை ஓங்கிய தான்சானியாவின் மாசாய் மக்களிடம் இது தலைகீழ். 2013-இல் வந்த இன்னோர் ஆய்வு பிள்ளைகளைப் பற்றியது, எனக்கு அதுதான் முக்கியம். வடகிழக்கு இந்தியாவிலேயே வாழும், தந்தைவழிச் சமூகமான கர்பி மக்களிடம் பெண் பிள்ளைகள் போட்டியிலிருந்து பின்வாங்குவது பருவமடையும் வயதை ஒட்டித்தான். காசிப் பிள்ளைகளிடம் அந்த வயதிலும் இடைவெளி தென்படவில்லை.

அதே வயதில் நம் கரையில் என்ன நடக்கிறது? பையன் விடுமுறையில் கரைவலை இழுக்கப் போகிறான். கையில் காசு வருகிறது. அதில் பழைய செல்போன் வாங்கி விற்று நட்டப்பட்டால், "பட்டுத் தெரிந்துகொள்வான்" என்று விட்டுவிடுகிறோம். அவன் தங்கை வயதுக்கு வந்ததும் வாசலைத் தாண்ட அனுமதி கேட்க வேண்டும். கருவாடு காயப்போடுகிறாள், மீன் பிரிக்கிறாள். அந்த உழைப்பெல்லாம் வீட்டுக் கணக்கு. தன் காசு என்று ஒன்று இருந்தால்தானே அதை இழந்து பார்க்க முடியும்!

துணிச்சல் இல்லாத பெண்களா இவர்கள்? சின்னப்பாலத்திலும் ஏர்வாடியிலும் கடற்பாசி எடுக்கும் தாய்மார்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கிப் பாறை இடுக்கில் முங்குகிறார்கள். சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-இல், தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் பன்னாட்டு விருதான சீகாலஜி விருது கிடைத்தது இந்தத் தொழிலில் நின்று போராடியதற்குத்தான். ஆனால் அப்படி உயிரைக் கொடுத்து எடுத்த பாசியின் பணம் சீட்டுக்கும் மகளின் நகைக்கும் போகிறது. அதைப் பார்த்து வளரும் மகள், பணம் என்றால் பத்திரப்படுத்த மட்டுமே என்றுதான் எண்ணுவாள்.

மகளிர் குழுக்களில் இருக்கும் அக்காமார்களிடம் ஒன்று கேட்கிறேன். பத்தாம் வகுப்பு படிக்கும் மகளின் கையில் ஒரு சிறு தொகையைக் கொடுங்கள். எதில் போடுவது என்பதை அவளே முடிவு செய்யட்டும். லாபம் வந்தால் அவளிடமே இருக்கட்டும். நட்டம் வந்தால் சொல்லிக்காட்டாதீர்கள்; அவள் அண்ணனுக்கு ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லையே.