சீட்டு வாங்கிக் குடுத்துட்டா வேலை முடிஞ்சிருச்சா சார்?

ஞாயித்துக்கெழம விழாவுல நம்ம ஸ்கூல் பாஸ்கெட்பால் சார் பேசுன வீடியோவ இனிமே யாரும் எனக்கு அனுப்பாதீங்க, தயவுசெஞ்சு. பாத்துட்டேன். சால்வை போடுறதுலேர்ந்து கடைசி குரூப் போட்டோ வரைக்கும் முழுசாவே பாத்துட்டேன். எழுத வேண்டாம்னுதான் இருந்தேன். நேத்து நம்ம பழைய பிளேயர்ஸ் குரூப்புல "சார் சொன்னதுல என்ன தப்பு"ன்னு ஒரு அண்ணன் கேக்க, அதுக்குக் கீழ வரிசையா கைதட்டல் எமோஜி விழ, அதுக்கு மேல என்னால முடியல.

"நாங்க சீட்டு வாங்கிக் குடுத்தோம், அதைத் தக்க வச்சிக்கத் தெரியல." பேரு சொல்லல, ரொம்ப நாகரிகம்தான். ஆனா பாஸ்கெட்பாலை வச்சு காலேஜ்ல ஃப்ரீ சீட்டு கெடச்சுப் போன ஒரு பொண்ணைத்தான் சொல்றாருன்னு அந்த ஹால்ல இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். மூணாவது வரிசைல அவ தங்கச்சி உக்காந்திருந்தா. அவளுக்கும் தெரியும்.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். அந்தப் பொண்ண காலேஜ்ல போய் பாஸ்கெட்பால் ஆடுறதுக்கு யாரும் தயார் பண்ணல. ஸ்கூலுக்குக் கப்பு அடிக்கத் தயார் பண்ணாங்க. இது ரெண்டும் ஒண்ணுன்னு நெனைக்கிறவங்க மேல படிக்க வேண்டாம், டைம் வேஸ்ட்.

எட்டாவது படிக்கும்போதே அவ கிளாஸ்ல எல்லாரையும் விட உயரம். உயரமா இருந்தா என்ன பண்ணுவாங்க, போஸ்ட்டுல நிறுத்துவாங்க. ரிங்குக்குக் கீழ போய் நில்லு, பந்து வந்தா தலைக்கு மேல தூக்கிப் பிடி, கீழ தட்டாத, திரும்பிப் போடு. பிளஸ் டூ வரைக்கும் இதுதான் அவளுக்குச் சொல்லிக் குடுத்த மொத்த பாஸ்கெட்பால். ஜோனல், ரெவின்யூ டிஸ்ட்ரிக்ட்னு ஸ்கூல் போட்டிங்கள்ல எதிர்ல நிக்கிற பொண்ணு இவ தோளுக்குத்தான் வருவா, கையைத் தூக்குனா பந்து இவகிட்ட, போட்டா பாயிண்ட். பாரதியார் தின விழா, குடியரசு தின விழான்னு எந்தப் போட்டிக்குப் போனாலும் கப்பு, மறுநாள் பேப்பர்ல போட்டோ. போட்டோல நடுவுல சார்.

அப்புறம் காலேஜுக்குப் போறா. அங்க இவ உயரத்துல இன்னும் மூணு பேரு நிக்கிறாங்க, அதுல ரெண்டு பேரு ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்லேர்ந்து வந்தவங்க. கோச் பாக்குறாங்க, நீ வெளிய வாம்மா, விங்குல, அதான் ரிங்கை விட்டுத் தள்ளி பக்கவாட்டுல, பந்தை வாங்கு, தட்டிட்டு உள்ள போன்னு சொல்றாங்க. தட்டக்கூடாதுன்னுதானே அத்தனை வருஷம் சொல்லி வச்சிருந்தோம்? வலது கையிலயே ரெண்டு தட்டுக்கு மேல போகாது, எடது கைக்கு எங்க போறது. டிபென்ஸ்ல ஒரு ஸ்கிரீன் வந்தா, அதான் எதிர் டீம்ல ஒருத்தி குறுக்க வந்து மறிச்சு நின்னா, ஆளை மாத்திக்கிட்டு ஸ்விட்ச் பண்ணணுமா, தன் ஆள் கூடவே ஓடணுமா, ஒண்ணும் தெரியாது. ஏன்னா ஸ்கூல்ல அவங்க ஆடுனது மொத்தமும் டூ-த்ரீ ஜோன், முன்னாடி ரெண்டு பேரு, ரிங்கு பக்கம் மூணு பேருன்னு ஆளுக்கு ஒரு எடத்தைக் காக்குற டிபென்ஸ். கையைத் தூக்கிட்டு எடத்துலயே நிக்கணும், அவ்ளோதான்.

ஜோன் ஏன் ஜெயிக்குதுன்னு யோசிச்சிருக்கீங்களா? எந்த ஸ்கூல் பொண்ணுக்கும் வெளியேர்ந்து ஷூட்டிங் கெடையாது, அதான். ஷூட்டிங் ஏன் இல்ல? பந்தைப் போய் பாருங்க. பொண்ணுங்க ஆட வேண்டியது ஆறாம் நம்பர் பந்து. நம்ம ஸ்கூல்கள்ல பசங்க ஆடித் தேஞ்சு மொழுக்குன்னு ஆன ஏழாம் நம்பர் பந்துதான் பொண்ணுங்க பக்கம் வரும். அது பெருசு, கனம் வேற. பன்னெண்டு வயசுப் பொண்ணு அதைப் பத்தடி ரிங்குக்கு எப்படிப் போடுவா? இடுப்புலேர்ந்து ரெண்டு கையாலயும் தூக்கி எறிவா. அந்தப் பழக்கம் ஒடம்புல ஊறிடும். காலேஜ்ல போய் சரியான பந்தைக் கையில குடுத்தாலும் கை இடுப்புக்குத்தான் போகும், ஒருத்தி வந்து தட்டிவிட்டுட்டுப் போவா.

இன்னொண்ணு, அந்த ஸ்கூல் கோர்ட்டைப் போய் பாருங்க. த்ரீ பாயிண்ட் கோடு, அதான் அதுக்கு வெளிய நின்னு போட்டா மூணு பாயிண்ட், அது 6.75 மீட்டருக்கு மாறுனது 2010ல. ரிங்குக்குக் கீழ இருக்குற அந்தச் சரிஞ்ச கட்டம் செவ்வகமா மாறுனதும் அப்பதான். நம்ம ஊர்ல வருஷா வருஷம் பெயிண்ட் அடிக்கிறாங்க, அந்தப் பழைய 6.25 கோட்டு மேலயே, அந்தப் பழைய சரிஞ்ச கட்டத்து மேலயே! ஸ்பான்சர் பேரு மட்டும் நடுவுல புதுசா பளபளன்னு இருக்கும். இந்தக் கோட்டுல நின்னு பழகுன பொண்ணு காலேஜ்ல ஒரு முழத்துக்கும் மேல தள்ளி நின்னு போடணும். அது ஏன் ரிங்கைத் தொடலன்னு அவளையே திட்டுவாங்க.

24 செகண்ட் கிளாக்? அதுக்குள்ள ஷாட் போடணும், இல்லன்னா பந்து எதிர் டீமுக்கு. நான் ஸ்கூல்ல ஆடுன எந்த ஜோனல் மேட்ச்லயும் அதைக் கண்ணால பாத்ததில்ல. "லீடுல இருக்கோம், பந்தை வச்சிக்கோ, வச்சிக்கோ"ன்னு வெளியேர்ந்து கத்துவாங்க, நாங்களும் வச்சிக்குவோம். அமெரிக்காவுலயே நெறைய ஹைஸ்கூல்ல ஷாட் கிளாக் இல்லன்னு ஒரு தம்பி கமெண்ட் போட்டிருக்கான். சரிப்பா, அங்கயும் பொண்ணுங்க காலேஜ்ல 30 செகண்ட் வந்ததும் திணறத்தான் செய்யும். அங்க இல்லங்கிறதுக்காக இங்கயும் வேண்டாம்னா என்ன நியாயம்?

என் கதைய நெறைய பேருக்குத் தெரியாது, சொல்றேன். காலேஜ் சேந்த மொத வாரம் கோச் மேடம் "வீக் சைடு, ஹெல்ப்புக்கு வா"ன்னு கத்துனாங்க. பந்து இல்லாத பக்கத்தைத்தான் வீக் சைடுன்னு சொல்லுவாங்க, எனக்கு அது அப்ப தெரியல. யாரோ வீக்கா இருக்காங்க, அவங்களுக்குப் போய் ஹெல்ப் பண்ணச் சொல்றாங்கன்னு நெனச்சு எங்க டீம்லயே குட்டையா இருந்த பொண்ணுகிட்டப் போய் நின்னேன். சீனியருங்க சிரிச்சது இன்னும் காதுல இருக்கு. ஸ்டேட் ஆடிட்டு வந்தவ நான், சர்டிபிகேட் இருக்கு, ஃபைல்ல பத்திரமா இருக்கு. ராத்திரி ஹாஸ்டல் பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன், வெளிய சத்தம் கேக்கக்கூடாதுன்னு.

ரெண்டாவது வருஷம் யுனிவர்சிட்டிங்களுக்கு நடக்குற சவுத் ஜோன் மேட்ச்ல, ரிங்குல பட்டுத் திரும்புற பந்தை, ரீபவுண்டை, எடுக்கக் குதிச்சு இறங்கும்போது எடது முட்டி உள்பக்கமா மடங்குச்சு. ஏ.சி.எல்., முட்டிக்குள்ள இருக்குற தசைநார், அது போச்சு. பொண்ணுங்களுக்கு இந்த அடி பசங்களை விட அதிகமா வரும்னு ஸ்போர்ட்ஸ் மெடிசின் படிச்ச எல்லாருக்கும் தெரியும். குதிச்சு இறங்கும்போது முட்டி உள்ள போகாம எப்படி இறங்கணும், தொடைக்குப் பின்னாடி இருக்குற தசைய எப்படி பலப்படுத்தணும்னு வார்ம்அப்லயே ஒரு பதினஞ்சு இருவது நிமிஷம் சேத்துப் பண்ணா அது நல்லாவே கொறையும்னும் தெரியும். காசே செலவு இல்ல இதுக்கு. எங்க வார்ம்அப் என்ன? கிரவுண்டச் சுத்தி பத்து ரவுண்டு. லேட்டா வந்தா இருவது. மேட்ச் தோத்தா அதுக்கு மேல. வெயிட் தூக்கலாமா சார்னு ஒருத்தி கேட்டதுக்கு "ஒடம்பு ஆம்பள மாதிரி ஆயிரும், அப்புறம் யாரு கட்டிக்குவா"ன்னு சிரிச்சிக்கிட்டே சொன்னாரு அன்னைக்கு இருந்த மாஸ்டர். எல்லாரும் சிரிச்சோம். இன்னைக்கும் நான் படி இறங்கும்போது பக்கவாட்டாதான் இறங்குறேன்.

சரி, இப்ப வருவீங்கன்னு தெரியும். "ஒரு பி.டி. சார் என்னதான் பண்ணுவாரு, ஆயிரம் பசங்க, கபடி, கோகோ, த்ரோபால், அசெம்பிளி, எலெக்‌ஷன் டியூட்டி." உண்மை. அரசுப் பள்ளில ஒத்த ஆளா நின்னு சொந்தக் காசுல பந்து வாங்கிக் குடுக்குற சாருங்க, டீச்சருங்க எனக்கே தெரியும், அவங்க கால்ல விழுவேன். ஆனா நாம பேசுற ஸ்கூல் அது இல்லையே. தனி கோச், தனி ஹாஸ்டல், தனி பஸ், பஸ்சு மேலயே டீம் போட்டோ. அங்க போய் ஆள் இல்ல, வசதி இல்லன்னு கதை விடாதீங்க.

"காலேஜ் கோச் சொல்லிக் குடுக்கட்டுமே." எப்பங்க? ஜூலை ஆகஸ்ட்ல சேருறாங்க, சேந்த சூட்டோட இன்டர் காலேஜ், யுனிவர்சிட்டி டீம் செலக்‌ஷன், சவுத் ஜோன்னு வரிசையா வந்து நிக்கும். கையில ஆல்ரெடி ஆடுற பொண்ணு இருக்கும்போது உங்களுக்காக உக்காந்து எடது கை டிரிப்ளிங் யாரு சொல்லிக் குடுப்பா?

"அனிதா பால்துரையும் நம்ம சென்னைப் பொண்ணுதானே, இந்தியாவுக்கே கேப்டன் ஆகல? 2021ல பத்மஸ்ரீ வாங்கல?" வாங்குனாங்க. சதர்ன் ரயில்வேக்கும் இந்தியாவுக்கும் அவங்க ஆடுன ஆட்டத்தைப் பாத்துத்தான் நானெல்லாம் பந்தைத் தொட்டேன். எத்தனையோ ஆயிரத்துல ஒருத்தர் எல்லாத்தையும் மீறி வந்துட்டாங்கன்னா அது அவங்க பெருமை. அதை ஏன் உங்க கணக்குல எழுதுறீங்க?

அப்புறம் அந்தப் பெரிய கேள்வி. ஒரு அக்கா, நான் மதிக்கிற அக்கா, அவங்களே கேட்டதுதான் வலிக்குது. "ஏழை வீட்டுப் பொண்ணுங்களுக்கு ஃப்ரீ சீட்டு கெடச்சாலே போதாதா, அமெரிக்கா பொண்ணுங்க லீக் டபிள்யூ.என்.பி.ஏ.க்கா போகப் போறாங்க?" அக்கா, அந்த சீட்டு எப்படின்னு உங்களுக்கே தெரியும். நெறைய தனியார் காலேஜ்ல டீம்ல இருக்குற வரைக்கும்தான் ஃபீஸ் சலுகை, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம். டீம்ல எடம் போச்சுன்னா அடுத்த வருஷம் முழு ஃபீஸ் கட்டச் சொல்லுவாங்க. அவ அப்பா மார்க்கெட்ல மூட்டை தூக்குறவரு, எங்கேர்ந்து கட்டுவாரு? அவ ஆட்டம் நல்லா இருந்தாதான் அவ படிப்பு. அந்த ஆட்டத்தைத்தான் நாம சொல்லிக் குடுக்கலன்னு சொல்றேன். அரசு வேலைல விளையாட்டுக்காரங்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்குன்னு மேடைல பேசுறாங்க, அதுக்குப் பெரிய லெவல்ல மெடல் வேணும், பெஞ்சுல தண்ணி பாட்டில் எடுத்துக் குடுத்தா வராது. நீச்சல் தெரியாத பிள்ளையக் கெணத்துல தள்ளிட்டு, கெணறு வரைக்கும் கூட்டிட்டு வந்தது நான்தான்னு சால்வை வாங்குறதுக்குப் பேரு என்ன?

"பசங்களுக்கும் இதே கோச்சிங்தானே" அப்படின்னு ஒரு தம்பி. இல்லடா தம்பி. நீ ஸ்கூல் விட்டு நேரா கிளப் கிரவுண்டுக்குப் போன, அங்க ரயில்வே அண்ணன், பேங்க் அண்ணன், காலேஜ் அண்ணன்னு பத்து பேரு இருந்தாங்க, அடி வாங்கி அடி வாங்கிக் கத்துக்கிட்ட. மே மாசம் பெரியகுளத்துல ஆல் இந்தியா டோர்னமெண்ட் நடந்தா நடுராத்திரி வரைக்கும் கேலரில உக்காந்து பாத்த. நாங்க ஆறரைக்கெல்லாம் வீட்டுல இருக்கணும், இல்லன்னா பக்கத்து வீட்டு ஆச்சி கேக்கும். உனக்கு ஸ்கூல் கோச்சிங் ஓட்டைய ஊரே அடைச்சுச்சு. எங்களுக்கு ஸ்கூல்ல கெடைக்கிறது மட்டும்தான். அதுலயும் பிளஸ் டூ வந்தா பப்ளிக் எக்ஸாம்னு டிசம்பரோட பந்தைப் புடுங்கி வச்சிருவாங்க, மறுபடி தொடுறது காலேஜ் டிரையல்ஸ் அன்னைக்கு.

இதுல இன்னொண்ணு சொல்லாம விட முடியல. கத்துறது. மேட்ச் நடக்கும்போது "எரும, மாடு மாதிரி நிக்கிற"ன்னு கேலரி முழுக்கக் கேக்குற மாதிரி. பீரியட்ஸ் நேரத்துல ஓட முடியலன்னு சொன்னா "நடிக்காத". இதையெல்லாம் கண்டிப்புன்னு நாமளே பெருமையா பேசிக்கிறோம், "சார் அடிச்சாரு, அதான் உருப்பட்டோம்"னு ரீயூனியன்ல சிரிக்கிறோம். உருப்படாதவங்க ரீயூனியனுக்கு வர மாட்டாங்க, அதான் நமக்குத் தெரியல. கத்திக் கத்தி வளத்த பொண்ணு கோர்ட்ல சொந்தமா ஒரு முடிவு எடுக்கவே பயப்படுவா. பாஸ் கையில வந்ததும் பெஞ்சுல இருக்குற கோச்சைத்தான் பாப்பா. காலேஜ் கோச் அதைப் பாத்துட்டு "இவளுக்கு கேம் சென்ஸ் இல்ல"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சிருவாங்க.

சார் மேடைல சொன்ன அந்தப் பொண்ணு பொங்கல் லீவுக்கு ஊருக்கு வந்தப்ப நம்ம கிரவுண்டுக்கு வந்தா. ஓரமா எடது கையால தனியா தட்டிக்கிட்டே இருந்தா, பந்து ஓடிப் போகும், போய் எடுத்துட்டு வருவா, மறுபடி தட்டுவா. பத்தொம்பது வயசுல, ஆறாவது படிக்கிற பிள்ளைங்க பண்ற டிரில். அந்தப் பிள்ளைங்க பக்கத்துல நின்னு வேடிக்கை பாத்துச்சுங்க. யார்கிட்டயும் ஒரு குறை சொல்லல அவ. சாரைப் பத்திக்கூட ஒரு வார்த்தை தப்பா சொல்லல. அவதான் தக்க வச்சிக்கத் தெரியாதவளாம்.

நான் கோச்சிங் டிப்ளமா படிக்கலதான், சாருக்கு அனுபவம் ஜாஸ்திதான், "ரெண்டு பிள்ளைங்களுக்குச் சாயங்காலம் பந்து போடுறவ எல்லாம் பேச வந்துட்டா"ன்னு குரூப்புல ஒருத்தர் எழுதுனதையும் படிச்சேன். அழிச்சுட்டாரு, ஆனா படிச்சேன்.

சாருக்கு இந்தப் பதிவை யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பத்தான் போறீங்க, அனுப்புங்க. பதில் சொல்லணும்னா இங்கயே எல்லாருக்கும் தெரியுற மாதிரி சொல்லட்டும், என்னைத் திட்டணும்னாலும் திட்டட்டும். அவ அப்பாவுக்கு போன் போட்டு "உங்க பொண்ணு பேரு ஃபேஸ்புக்ல வந்துருச்சு"ன்னு சொல்ற வேலை மட்டும் வேண்டாம். அந்த மனுஷன் அதை நம்பிருவாரு, தங்கச்சியையும் பயிற்சிக்கு அனுப்ப மாட்டாரு.