வெயிலும் வெள்ளமும் ஒரே மாதத்தில்

ஒரே கோடையில் கடும் வெயில், கனமழை, திடீர் வெள்ளம் மூன்றும் வரலாம் என்று ஏதாவது ஒரு கட்டுரையில் படித்ததும் சிலருக்குச் சிரிப்பு வருகிறது. 2024 மே மாதத்தை மறந்துவிட்டார்கள் போல. மாதத் தொடக்கத்தில் ஈரோடும் கரூரும் 40 டிகிரியைத் தாண்டிக் கொதித்தன. 17ஆம் தேதி, அக்னி நட்சத்திரம் முடியும் முன்பே, பழைய குற்றாலம் அருவியில் திடீர் வெள்ளம். 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான்.

குளிப்பவர் தலைக்கு மேல் மழை பெய்ய வேண்டியதே இல்லை. மேலே மலைக்காட்டில் கொஞ்ச நேரம் கொட்டினால் போதும். தண்ணீர் கலங்கலாக வந்தால், துண்டைக்கூட எடுக்காமல் மேட்டுக்கு ஓடுங்கள்.

அப்புறம், 'மத்தியானம் 12 முதல் 3 வரை வெளியே போகாதீர்கள்' என்கிற அறிவுரை சரிதான். சாலை போடுகிறவரிடம் அதை யார் போய்ச் சொல்வது?