அந்த எக்செல் ஷீட்டில் நோயாளி வீட்டுச் செலவு எங்கே சார்?

ரெண்டு நாளாக வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் நைஜீரியாவில் மெனிஞ்சைட்டிஸ் (மூளையைச் சுற்றியுள்ள சவ்வைத் தாக்கும் காய்ச்சல்) தடுப்பூசி வீண் செலவு என்று ஒருவர் எக்செல் ஷீட் போட்டு எழுதிய பதிவின் ஸ்கிரீன்ஷாட்டை நாலைந்து பேர் என் இன்பாக்ஸுக்கே அனுப்பி, "உங்க ஆப்பிரிக்கா மேட்டர்தான், என்ன சொல்றீங்க?" என்று கேட்ட பிறகு முடியவில்லை. எதைச் சொல்கிறேன் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பார்க்காதவர்கள் தேடிப் போக வேண்டாம், அவருக்கு ரீச் ஏறியதுதான் மிச்சமாகும்.

கணக்கு இதுதான். நைஜீரியா மக்கள்தொகை 20 கோடிக்கு மேல். புதிய மெனிஞ்சைட்டிஸ் தடுப்பூசி ஒரு டோஸ் சுமார் 3 டாலர். இரண்டையும் பெருக்கு, செத்தவர்கள் எண்ணிக்கையால் வகு. "ஒரு உயிருக்கு இத்தனை லட்சம் டாலரா? நோய் வந்த இடத்தில் மட்டும் ஊசி போட்டால் போதாதா?" ஆராய்ச்சி முடிந்தது. கீழே கைதட்டல் மழை.

நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. வடக்கு நைஜீரியாவின் கானோவில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் கணக்கு எழுதிச் சில வருஷம் பிழைத்தவன், அவ்வளவுதான். அந்த லெட்ஜர் அறிவு போதும், இதில் செலவுப் பக்கம் பாதியைக் காணோம் என்று சொல்ல.

முதலில், 20 கோடிப் பேருக்கும் யார் சார் ஊசி போடுகிறார்கள்? 2024 ஏப்ரலில் ஐந்து வகை மெனிஞ்சைட்டிஸ் கிருமிகளைத் தடுக்கும் அந்தப் புது ஊசியை உலகத்திலேயே முதலில் இறக்கிய நாடு நைஜீரியாதான், ஆனால் போட்டது நோய் பரவிய வடக்கு மாநிலங்களில், 1 முதல் 29 வயது வரை உள்ளவர்களுக்கு. தெற்கே இருக்கும் லாகோஸ்காரனையும் எழுபது வயதுத் தாத்தாவையும் சேர்த்துப் பெருக்கிவிட்டு விலையைப் பார்த்து மயக்கம் போட்டு விழுந்தால் நாங்கள் என்ன செய்வது?

இரண்டாவது விஷயம்தான் எனக்கு எரிச்சல். "நோய் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பது இலவசம் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? அதே மேற்கு ஆப்பிரிக்காவில் புர்கினா ஃபாசோ என்ற நாடு இருக்கிறது. 2007இல் அங்கே சுமார் 26 ஆயிரம் பேருக்கு மெனிஞ்சைட்டிஸ். அந்த வருஷச் செலவை உட்கார்ந்து கணக்கெடுத்திருக்கிறார்கள். மொத்தம் 94 லட்சம் டாலர். அதில் 71 லட்சம் சுகாதாரத் துறைப் பக்கம், அதாவது நாட்டின் ஒரு வருஷச் சுகாதாரச் செலவில் கிட்டத்தட்ட 2 சதவீதம், ஒரே ஒரு நோய்க்கு. அந்த 71 லட்சத்தில் 85 சதவீதத்துக்கு மேல் எதற்குப் போனது தெரியுமா? நீங்கள் சொல்லும் அதே வைத்தியத்துக்குத்தான், நோய் வந்த பிறகு அவசர அவசரமாக ஓடிப் போய்ப் போட்ட ஊசிக்கு.

மீதி 23 லட்சம்? நோயாளி வீடுகள் கொடுத்தது. ஒரு நோயாளிக்குச் சராசரியாக 90 டாலர். அந்த நாட்டில் ஒரு ஆளுக்கு வரும் வருஷ வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு. கொள்ளைநோய்க் காலத்தில் சிகிச்சை இலவசம் என்று அரசு அறிவித்திருந்தும் இந்தச் செலவு. பிள்ளை பிழைத்துக் காது போனாலோ கைகால் போனாலோ அதற்கு மேலும் 150 டாலர் வரை. இந்தப் பணம் உங்கள் ஷீட்டில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

இதை நான் பேப்பரில் மட்டும் படிக்கவில்லை. 2017. நைஜீரியாவில் 14,500 பேருக்கு மேல் நோய், 1,166 சாவு, அதில் மோசமாக அடிபட்டது சம்ஃபாரா மாநிலம். எங்கள் கம்பெனி மெஷின் ஆபரேட்டர் ஒருவருக்கு அந்த ஊர்ப்பக்கம்தான். மகளுக்குக் காய்ச்சல், கழுத்து விறைத்துவிட்டது என்று போன் வந்தது. 'சங்கராவ்' (மெனிஞ்சைட்டிஸுக்கு ஹவுசா மொழிப் பெயர்) என்று சொல்லிவிட்டு அழுதார், அங்கே அந்தப் பெயரை விளக்கத் தேவையில்லை. அட்வான்ஸ் வவுச்சர் போட்டது நான். அப்புறம் இரண்டாவது வவுச்சர். ஊசி மருந்துக்குக் காசு வாங்கவில்லையாம், நிஜம்தான். வண்டிக்கு? கூட இருப்பவர்களின் சாப்பாட்டுக்கு? வேலைக்கு வராத நாட்களின் கூலி? அவர் மனைவி சந்தையில் போட்டிருந்த கடலைக் கடை அந்த சீசன் முழுக்கத் திறக்கவில்லை. ஆடுகளை விற்றார், நோய் வந்த ஊரில் எல்லோரும் ஒரே நேரத்தில் விற்றால் என்ன விலை போகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பெண் பிழைத்தாள். இரண்டு காதும் போய்விட்டது. பள்ளிக்கூடமும் அதோடு நின்றது. அட்வான்ஸை மாதா மாதம் சம்பளத்தில் பிடித்த லெட்ஜர் என் கையெழுத்தில் இருக்கிறது. இந்தக் குடும்பம் சாவு எண்ணிக்கையில் வராது சார். நீங்கள் வகுத்த அந்த எண்ணில் இவர்கள் பூஜ்யம்.

"அதான் வந்ததும் ஊசி போடலாமே" என்று மறுபடி யாராவது வருவார்கள். வாருங்கள். ஒரு மாவட்டத்தில் வாரத்துக்கு லட்சத்தில் 10 பேர் என்ற அளவைத் தாண்டினால்தான் கொள்ளைநோய் என்று முடிவு. அதற்கு முன் முதுகுத் தண்டில் நீர் எடுத்து, எந்த வகைக் கிருமி என்று லேப் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏ வகைக்குப் போட்ட ஊசி சி வகைக்கு நிற்காது. பிறகு அவசரத்துக்கு வைத்திருக்கும் உலகத் தடுப்பூசிக் கையிருப்புக்கு விண்ணப்பம், கப்பல் இல்லை விமானம், ஐஸ் பெட்டி, ஜீப், டீசல், ஆட்கள். 2017இல் நோய் கிளம்பியது முந்தைய டிசம்பர் வாக்கில். சம்ஃபாராவுக்கும் கட்சினா மாநிலத்துக்கும் 5 லட்சம் டோஸ் வந்து போட ஆரம்பித்தது ஏப்ரலில்! அங்கே மழை இறங்கினால் இந்த நோய் தானாகவே அடங்கிவிடும். வீடு எரிந்து முடிந்த பிறகு வரும் தண்ணி லாரிக்கும் முழு வாடகை உண்டு.

முன்கூட்டியே போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 1996–97இல் அந்தப் பகுதி நாடுகளில் இரண்டரை லட்சம் பேருக்கு நோய், 25 ஆயிரம் சாவு. அதற்குப் பிறகுதான் ஆப்பிரிக்கத் தலைவர்கள், 50 சென்ட்டுக்குள் ஒரு ஊசி கிடைத்தால் வாங்குவோம் என்றார்கள். மேலை நாட்டு மருந்துக் கம்பெனிகள் திரும்பிப் பார்க்கவில்லை. ஏ வகைக்கான அந்த ஊசியைச் செய்து கொடுத்தது நம்ம புனே, சீரம் இன்ஸ்டிட்யூட். 2010 டிசம்பரில் புர்கினா ஃபாசோவில் ஆரம்பித்தார்கள், பிறகு முப்பது கோடிப் பேருக்கு மேல் போட்டாகிவிட்டது. 2017க்குப் பிறகு அந்த ஏ வகை மெனிஞ்சைட்டிஸ் அங்கே ஒரு கேஸ்கூட உறுதியாகவில்லை. அந்த ஊசி 40 டிகிரி வெயிலில் நாலு நாள் தாங்கும் என்று 2012இல் அனுமதி வாங்கி ஐஸ் செலவைக்கூடக் குறைத்தார்கள். காசு மிச்சம் பிடிப்பது என்றால் அது. நம்ம நாட்டில் செய்த சரக்கு, அதைப் பற்றி ஒரு வரி பெருமை கிடையாது, "வீண் செலவு" என்று ஷீட் போடத் தெரிகிறது.

"நம்ம ஊர் டெங்குவுக்கே வழியில்லை, ஆப்பிரிக்காவுக்கு அழுகிறாயா?" டெங்குவுக்கும் அழுதிருக்கிறேன், என் டைம்லைனில் இருக்கிறது, நீங்கள்தான் லைக் போடவில்லை.

"பார்மா கைக்கூலி." இதுவும் வந்துவிட்டது. கம்பெனிகளைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம், நான் இருந்த ஊர் கானோ. 1996 கொள்ளைநோயின் நடுவில் ஃபைசர் அங்கே குழந்தைகளிடம் டிரோவன் என்ற ஆன்டிபயாடிக் மருந்தைச் சோதித்துப் பார்த்து, வழக்கு நடந்து, 2009இல் கானோ அரசோடு 7.5 கோடி டாலருக்குச் சமரசம் செய்த கதை அங்கே டீக்கடையில் வேலை செய்யும் பையனுக்கும் தெரியும். 2003இல் அந்த மாநிலம் போலியோ சொட்டு மருந்தையே நிறுத்தி வைத்ததற்கு அந்தக் கோபமும் ஒரு காரணம். அப்புறம் அங்கிருந்து கிளம்பிய போலியோ இந்தோனேசியா வரை போனது. அந்தச் செலவையும் சேர்க்கலாமா? நம்பிக்கை போனால் அதற்கும் பில் வருகிறது, உங்களை மாதிரி ஆட்கள் "ஏமாத்து வேலை" என்று அரைகுறையாக எழுதும்போது அந்தப் பில் இன்னும் கொஞ்சம் ஏறுகிறது.

2017இல் சம்ஃபாரா கவர்னர் யாரி என்ன சொன்னார் தெரியுமா? மக்கள் செய்த பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்றார். கானோ அமீர் (அங்குள்ள முஸ்லிம்களின் பாரம்பரியத் தலைவர்) சனுசியே அதைக் கண்டித்தார். அந்தக் கவர்னரைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். ஆனால் அந்தப் பதிவின் கீழே நம்ம ஆள் ஒருவர், நன்றாகப் படித்தவர், "அங்கெல்லாம் பத்துப் பிள்ளை பெறுவாங்க, ஒண்ணு ரெண்டு போனா என்ன" என்று எழுதி, சிரிக்கிற பொம்மையும் போட்டிருக்கிறார், அதற்கு ஹார்ட் வேறு. என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். என் மகள் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர். அன்ஃப்ரெண்ட் செய்துவிட்டேன். பொது நண்பர்கள் யாரும் சமாதானம் பேச வர வேண்டாம்.