மாலத்தீவு சார் உபயம்

நேற்று நம்ம ஆட்கள் பகிர்ந்த நம்ம சுடலைமாடன் கோயில் கொடைவிழா நோட்டீஸை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். சிலர் கீழே கைகூப்பும் பொம்மை வேறு போட்டிருந்தீர்கள். இரண்டாம் நாள் வில்லுப்பாட்டு உபயம் என்று என் பெயரை அச்சடித்து, பக்கத்திலேயே மாலத்தீவு என்றும் போட்டிருக்கிறார்களே, அதைத்தான் சொல்கிறேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டோமே என்று இன்று காலை ஒருவர் சாதிக்கிறார். டீக்கடையில் வைத்து, "சாருக்கு இந்தத் தடவை பெருசா எதாவது போட்டிருவோமா?" என்றார், சிரித்தார். நானும் சிரித்தேன். அதுதான் சம்மதமாம்.

சரி, ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இப்போது வேலை இல்லை. மாலத்தீவில் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தேன், ஒப்பந்தம் முடிந்து வந்திருக்கிறேன். அடுத்த ஒப்பந்தம் கையில் வரும்வரை சம்பளம் கிடையாது. பாதிச் சம்பளம், படி, பி.எஃப். ஒன்றும் கிடையாது. லீவில் வந்திருப்பவன் வேறு, ஒப்பந்தம் முடிந்து வந்திருப்பவன் வேறு. ஊரில் இரண்டு பேரும் 'ஃபாரின் சார்'தான்.

"அங்கே சம்பாதிச்சது எங்கே போச்சு?" என்று கேட்பீர்கள். கேளுங்கள். அங்கே சம்பளம் அந்த நாட்டுப் பணமான ருஃபியாவில், ஊருக்கு அனுப்ப டாலராக மாற்ற வேண்டும். கணக்குப்படி ஒரு டாலருக்கு 15.42 ருஃபியா, அந்த விலைக்கு டாலர் கிடைக்கிறதா என்று அங்கே இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். டாலர் தட்டுப்பாடு வந்த பிறகு மாதம் இவ்வளவுதான் ஊருக்கு அனுப்பலாம் என்று வங்கி வரம்பு கட்டிவிட்டது. சம்பளம் கணக்கில் கிடக்கும், இங்கே வீட்டுக்கடன் தவணை தேதி தாண்டும். நீங்கள் கூகுளில் பார்க்கிற நீலக்கடலும் தண்ணீர் மேல் கட்டிய குடிலும் ரிசார்ட் தீவுகளில் இருப்பவை. நான் இருந்தது ஜனங்கள் குடியிருக்கிற தீவு. அரை மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். தக்காளி தீர்ந்தால் அடுத்த படகு வரும்வரை சூரைமீனும் தேங்காயும்தான்.

வேலை ஏன் போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஆளுக்கொரு கதை சொல்லித் திரிகிறீர்கள். சண்டை போட்டு வரவில்லை. உள்ளூரில் கணக்குக்கு ஆள் கிடைத்தால் வெளிநாட்டுக்காரரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள். அந்தத் தீவுப் பெண் ஒருத்தி பட்டம் முடித்துத் திரும்பி வந்தாள். ஓ லெவலுக்கு, அதாவது நம்ம பத்தாம் வகுப்புப் பரீட்சை மாதிரி, அவளுக்குக் கணக்கு எடுத்தது நான். பொறுப்பை ஒப்படைக்கும்போது என் நோட்டையே கேட்டு வாங்கிக்கொண்டாள். வருத்தமா என்றால், இல்லை. பெருமையா என்றால், அதையும் முழுசாகச் சொல்ல முடியவில்லை.

இப்போது வீட்டில் நான் செய்கிற வேலையைக் கேளுங்கள். வீட்டுக்காரி காலை எட்டு மணிக்கெல்லாம் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிடுவாள். அம்மாவுக்கு சுகர் மாத்திரை, ரேஷன் கடை, கரண்ட் பில், கேஸ்காரர், மகனுக்கு பிளஸ் டூ கணக்கு எல்லாம் நான்தான். நடுவில் தெருவில் யாராவது "சார் வீட்லதான் இருப்பாங்க" என்று பிள்ளையை நோட்டோடு அனுப்பிவிடுவார்கள். பீஸ் என்ற பேச்சே வராது. ஒருநாள் மைனி ஒருத்தி, "நீங்க இருக்கதுனால டியூஷன நிறுத்திட்டேன் கொழுந்தனாரே" என்றாள். பாசத்தில் சொன்னதுதான். அந்த டியூஷன் வாத்தியார் என்னைக் கண்டால் இப்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இத்தனைக்கும் நடுவே அடுத்த வெளிநாட்டு வேலைக்காக போலீஸ் கிளியரன்ஸ், சான்றிதழ் அட்டஸ்டேஷன், மெடிக்கல். அது ஒவ்வொன்றுக்கும் காசு. வருகிற வழி அடைத்துக் கிடக்கிறது, போகிற வழி மட்டும் திறந்திருக்கிறது. இதில் வில்லுப்பாட்டுக்கு 25,000.

"ஊரிலேயே ஒரு ஸ்கூலில் சேர வேண்டியதுதானே?" இதை அதிகம் கேட்பவர் தன் பிள்ளைக்கு வருஷம் எண்பதாயிரம் பீஸ் கட்டுகிறார். அதே பள்ளியில் எனக்குச் சொன்ன சம்பளம் மாதம் பதினைந்தாயிரம். அசல் சான்றிதழ்களை வேறு அவர்களிடம் கொடுத்துவைக்க வேண்டுமாம். அப்புறம் நடுவில் வேலை வந்தால் எதைக் காட்டிப் போவது?

"அரசு வேலைக்கு முயற்சி பண்ணலாமே?" பண்ணினேன் ஐயா. 2013 ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றவன் நான். வெயிட்டேஜ் என்று சொல்லி பிளஸ் டூவில் நான் வாங்கிய மார்க்கைத் தோண்டி எடுத்துப் பின்னால் தள்ளினார்கள். 2018-இல் அரசாணை 149 வந்தது. தேர்ச்சி பெற்றவர்களும் இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்றது. சான்றிதழ் ஏழு வருஷம் செல்லும் என்றார்கள், 2021-இல் ஆயுள் முழுக்கச் செல்லும் என்றார்கள். செல்லட்டும். பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

சாமி விஷயத்தில் கணக்குப் பார்க்கிறான் என்று ஒருவர் எழுதியிருந்தார். குடும்பத்துக்கு இவ்வளவு என்று போடும் தலைக்கட்டு வரி 3,000 முதல் ஆளாகக் கட்டியிருக்கிறேன், ரசீது இருக்கிறது. சுடலைமாடனுக்கும் எனக்கும் ஒரு தகராறும் இல்லை. சம்பளம் வந்த வருஷம் பந்தல் செலவு ஏற்றேன், அதற்கு நோட்டீஸில் பெயர்கூட வேண்டாம் என்றேன். அது யாருக்கும் ஞாபகம் இல்லை. நான் ஊரில் இல்லாதபோது வீட்டில் பைப் உடைந்து என் மனைவி நாலு பேருக்கு போன் போட்டாளே, அதுவும் ஞாபகம் இருக்காது. கேட்டால், "அவங்களுக்கென்ன, ஆள் வச்சு பாத்துக்குவாங்க." 2024 ஜனவரியில் மாலத்தீவைப் புறக்கணி என்று எல்லாரும் ஸ்டேட்டஸ் வைத்த வாரம் என்னைத் துரோகி என்று எழுதினவரும் இந்த விழாக் கமிட்டியில் இருக்கிறார். துரோகியின் பணம் மட்டும் தோஷமில்லை போல.

ஒன்று சொல்லட்டுமா, பணம்கூடப் பெரிதில்லை. பார்க்கிறவர்கள் எல்லாரும் முதல் கேள்வியாக "எப்பக் கிளம்புறீங்க?" என்றுதான் கேட்கிறீர்கள். எப்ப வந்தீங்க என்று கேட்டவர்கள் குறைவு. இது என் வீடு, நான் பிறந்த தெரு. இங்கே இருப்பதற்கும் விசா முத்திரை காட்ட வேண்டுமா?

புதன்கிழமை காலை பத்து மணிக்கு வேறொரு தீவுப் பள்ளிக்கூடத்தின் நேர்காணல், வைபர் காலில். அன்றுதான் நம்ம பகுதியில் மாதாந்திரப் பராமரிப்பு, கரண்ட் இருக்காது என்று பேப்பரில் போட்டிருக்கிறான். இன்வெர்ட்டர் வாங்க வேண்டியதுதானே சார், உங்களுக்கென்ன என்று யாராவது கமெண்ட்டில் வந்தால், சொந்தக்காரர் என்றும் பார்க்காமல் பிளாக் செய்துவிடுவேன்.