பனிப்புயல் ஓய்ந்த பிறகுதான் வீட்டுக்குள் ஆபத்து

பனிப்புயல் வரப்போகிறது என்றால் தொலைக்காட்சியும் கைப்பேசியும் ஓயாமல் எச்சரிக்கின்றன. காற்று நின்று வானம் வெளுத்ததும் அந்த எச்சரிக்கைகளும் நின்றுவிடுகின்றன. மின்சாரம் போன வீட்டில், மணிக்கு மணி குளிர்ந்துகொண்டே போகும் சுவர்களுக்கு நடுவே, குழந்தைகளையும் முதியவர்களையும் வைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு உண்மையான சோதனை அப்போதுதான் தொடங்குகிறது. புயலுக்கு முன் எவ்வளவு அக்கறையோடு பேசுகிறார்களோ, அதே அக்கறையோடு அதற்குப் பிந்தைய நாள்களைப் பற்றியும் பேச வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

1998 ஜனவரியில் கனடாவின் கிழக்குப் பகுதியில் பெய்த உறைமழை, அதாவது விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியாகிவிடும் மழை, சில நாள்களில் ஓய்ந்துவிட்டது. ஆனால், பனிக்கட்டியின் பாரம் தாங்காமல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மின்கோபுரங்கள் சரிந்ததால், அங்குள்ள கியூபெக் மாகாணத்தின் சில ஊர்களில் வாரக்கணக்கில் விளக்கு எரியவில்லை. 2021 பிப்ரவரியில் டெக்சாஸைத் தாக்கிய புயலில் 246 பேர் இறந்ததாக மாநிலச் சுகாதாரத் துறை கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோரின் உயிரைப் பறித்தது குளிர். சிலரின் உயிரைப் பறித்தது, குளிருக்குத் தப்ப அவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு.

இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். குளிர் தாங்க முடியாதபோது கையில் கிடைத்ததை எரிக்கத்தான் தோன்றும். அப்படிச் செய்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆனால், கரி அடுப்பை அறைக்குள் மூட்டினாலும், ஜெனரேட்டரைக் கார் கொட்டகையில் ஓட்டினாலும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வீடெங்கும் பரவிவிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு அது இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. முதலில் தலைவலியும் குமட்டலும் வரும். இரவெல்லாம் குளிரில் விழித்துக்கிடந்தவர் அதை அசதி என்று எண்ணிக் கொஞ்சம் கண்ணயரலாம் என்று படுத்துவிடுவார், அந்தத் தூக்கத்திலேயே உயிர் போய்விடக்கூடும். வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்டோருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால், காரணத்தைத் தேடிக்கொண்டிராமல் எல்லோரும் வெளியே வந்து அவசர உதவியை அழைக்க வேண்டும். ஜெனரேட்டர் வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, திறந்தவெளியில் இருக்க வேண்டும். பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு அலாரத்தை வாடகை வீடுகள் உட்பட எல்லா வீடுகளுக்கும் சட்டப்படி கட்டாயமாக்க வேண்டும். இதில் சலுகைக்கு இடமே இருக்கக் கூடாது.

குழாய்கள் தரும் தொல்லை வேறு வகையானது. நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிவடைவதால் குழாய் வெடிக்கிறது. ஆனால், வெடிப்பை அந்தப் பனிக்கட்டியே அடைத்துக்கொண்டிருப்பதால் அப்போது ஒன்றும் தெரிவதில்லை. வெயில் வந்து எல்லோரும் நிம்மதியடையும் வேளையில்தான் மேற்கூரையில் உள்ளங்கை அளவு ஈரத்தடம் மஞ்சளாகப் படர்ந்து, அதன் நடுவில் ஒரு துளி திரண்டு தொங்கும். வீட்டுக்கு வரும் தண்ணீரை மொத்தமாக நிறுத்தும் வால்வு எங்கே இருக்கிறது என்பது வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால் போதாது.

உணவைப் பொறுத்தவரை, மூடியே வைத்திருந்தால் ஃப்ரிட்ஜ் 4 மணி நேரமும், நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரமும் தாங்கும். புயலுக்கு முன்பே ஒரு கோப்பைத் தண்ணீரை ஃப்ரீசரில் உறைய வைத்து, அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்துவிடலாம். பிறகு பார்க்கும்போது நாணயம் அடியில் கிடந்தால், இடையில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள். அந்த உணவை உண்ணக் கூடாது. இதைச் சொல்வது எளிது. எண்ணி எண்ணிச் செலவு செய்து வாங்கிய ஒரு மாத உணவைக் குப்பையில் கொட்டுவது ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்பதை நிவாரணம் வழங்குவோர் உணர வேண்டும். கூரைக்கும் சுவருக்கும் இழப்பீடு உண்டென்றால், கெட்டுப்போன உணவுக்கும் இருக்க வேண்டும்.

மின்சாரம் திரும்பும் நேரத்துக்கும் எச்சரிக்கை தேவை. மின்சாரம் போனபோது ஹீட்டரையும் அடுப்பையும் நிறுத்தாமல் விட்டிருந்தால், அது வந்த நொடியில் பக்கத்தில் கிடக்கும் துணியில் தீப்பிடிக்கலாம். ஆகவே எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மின்சாரம் வந்தது தெரிவதற்காக ஒரு விளக்கை மட்டும் போட்டு வைப்பது நல்லது. ஜெனரேட்டரைச் சுவரிலுள்ள பிளக்கில் நேரடியாகச் செருகும் வழக்கத்தை எவரும் பின்பற்றக் கூடாது. அந்த மின்சாரம் தெருக் கம்பிக்குத் திரும்பிப் பாய்ந்து, கம்பியில் மின்சாரம் இல்லை என்று நம்பிப் பழுதுபார்த்துக்கொண்டிருக்கும் ஊழியரைக் கொன்றுவிடக்கூடும்.