அந்த அஞ்சாவது ரெப்ளிகன்ட் எங்க போச்சு?

சயின்ஸ் ஃபிக்‌ஷன் படங்கள்ல தப்பு கண்டுபிடிக்கற வீடியோ இப்போ நெறைய வருது, சிவப்பு வட்டம் போட்டு இங்க பாருங்க கப்பு மாறிடுச்சு அங்க பாருங்க வயர் தெரியுதுன்னு காட்றாங்க, நானும் விடாம பாக்கறேன், பிடிச்சும் இருக்கு. ஆனா அதுக்குக் கீழ "இதெல்லாம் இப்போ கிராஃபிக்ஸ்ல சரி பண்ணிடலாமே"ன்னு கமென்ட் வரும்போதுதான் மனசு கேக்க மாட்டேங்குது. தப்பு இருந்தா இருந்துட்டு போகட்டும். சரி பண்ணித்தான் ஆகணும்னா பண்ணுங்க, ஆனா தியேட்டர்ல ஓடின படத்தை எங்க கண்ணுல இருந்து எடுத்துடாதீங்க.

பிளேட் ரன்னர் பாத்தவங்களுக்கு தெரியும். 1982ல ரிட்லி ஸ்காட் எடுத்தது. ரெப்ளிகன்ட்னா மனுஷன் மாதிரியே செஞ்ச செயற்கை ஆளுங்க, அவங்களைத் தேடிக் கொல்றவன்தான் ஹீரோ டெக்கார்ட். ஆரம்பத்துல போலீஸ் கேப்டன் பிரையன்ட் டெக்கார்டை உக்கார வச்சு கேஸ் சொல்வாரு, ஆறு ரெப்ளிகன்ட் தப்பிச்சு வந்துச்சு, அதுல ஒண்ணு கரண்டுல மாட்டி கருகிடுச்சுன்னு. அப்போ மிச்சம் அஞ்சு. ஆனா படம் முழுக்க தேடிப் பாருங்க, ராய், லியோன், ஷோரா, பிரிஸ், அவ்ளோதான், நாலே பேரு. அஞ்சாவது ஆளைப் பத்தி அதுக்கப்புறம் யாருமே பேச மாட்டாங்க.

விஷயம் என்னன்னா ஸ்கிரிப்ட்ல மேரின்னு இன்னொரு ரெப்ளிகன்ட் இருந்துச்சு, ஸ்டேசி நெல்கின்னு ஒரு நடிகையை அதுக்கு எடுத்தும் இருந்தாங்க. அந்தக் கேரக்டரையே தூக்கிட்டாங்க, பிரையன்ட் சொல்ற கணக்கு மட்டும் அப்படியே நின்னுடுச்சு. சுத்தமான புரொடக்‌ஷன் தப்பு. ஆனா ஜனங்க அதை தப்புன்னு விடல, காணாம போன அந்த ஆளு டெக்கார்டேதானோன்னு யோசிக்க ஆரம்பிச்சுட்டாங்க, இவனும் மனுஷன் இல்லையோங்கற சந்தேகம் படத்துக்குள்ள ஏற்கனவே இருக்கறதால அது பொருந்தியும் போச்சு. 2007ல ஃபைனல் கட்னு ஸ்காட் திருத்தின வெர்ஷன் வந்தப்போ அந்த டயலாக்கை ரெண்டு பேரு கருகிட்டாங்கன்னு மாத்திட்டாங்க. கணக்கு சரியா வருது, ஆனா இருபத்தஞ்சு வருஷம் ஜனங்க கூடிப் பேசினதுக்கு காரணமா இருந்த ஒரு வரி அந்த வெர்ஷன்ல இல்ல.

நான் ஒரு படத்துல உதவி இயக்குநரா வேலை பாத்தேன், கன்டினியூட்டி என் பொறுப்பு. ஹீரோயின் கதவைத் திறந்து வெளிய வர்ற ஷாட் ஒரு மாசம், அதே கதவைத் தாண்டி தெருவுல நடக்கற ஷாட் அடுத்த மாசம் வேற ஊர்ல, நடுவுல இருபது நாள் வேற வேற சீன் எடுத்துருப்போம், எந்தக் கைல வாட்ச், பூ எவ்ளோ வாடியிருக்கு, டம்ளர்ல தண்ணி எது வரைக்கும் இருந்துச்சுன்னு எல்லாத்தையும் போட்டோ எடுத்து நோட்ல எழுதி வச்சு அடுத்த ஷெட்யூலுக்கு தூக்கிட்டுப் போகணும். அப்பயும் ஒரு சீன்ல ஒரு நடிகரோட காயக்கட்டு வலது கைல இருந்து இடது கைக்கு மாறிடுச்சு. எடிட் ரூம்ல டைரக்டர் அதைப் பாத்தாரு, சரியா இருக்கற டேக்கும் கைவசம் இருந்துச்சு. ஆனா கட்டு மாறின டேக்லதான் அந்த நடிகர் நிஜமாவே உடைஞ்சு அழுதுருந்தாரு. அதையே வச்சாரு. அன்னிக்கு எனக்கு வருத்தம், இப்போ அவரு செஞ்சதுதான் சரின்னு தோணுது.

ஹாலிவுட் எடிட்டர் வால்டர் மர்ச் இதுக்கு ஒரு கணக்கே வச்சிருக்காரு. ஸ்டார் வார்ஸ் எடுத்த ஜார்ஜ் லூகாஸோட முதல் படம் 1971ல வந்த டிஎச்எக்ஸ் 1138க்கு கூட சேந்து ஸ்கிரிப்ட் எழுதின, சவுண்ட் பண்ணின அதே மர்ச். ஒரு ஷாட்ல இருந்து அடுத்த ஷாட்டுக்கு மாறற கட் நல்ல கட்டான்னு முடிவு பண்ண ஆறு விஷயம் பாக்கணும், அதுல உணர்ச்சிக்கு 51 சதவீதம், கதைக்கு 23, யாரு எங்க நிக்கறாங்க எது எந்தப் பக்கம் இருக்குங்கற இடக்கணக்குக்கு கடைசில வெறும் 4 சதவீதம். மொதல்ல விட்டுக்குடுக்க வேண்டியதே அதைத்தான்னு சொல்றாரு.

இந்த இடக்கணக்கு தப்பினதுக்கு ஜுராசிக் பார்க் பாருங்க, 1993. டி ரெக்ஸ் வேலியை அறுத்துக்கிட்டு ரோட்டுக்கு வரும்போது உள்ள தரை ரோட்டு மட்டத்துக்கு இருக்கு, ஆட்டைக் கூட அங்கதான் கட்டியிருந்தாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு அதே பக்கம் காரை தள்ளி விடும்போது கீழ அம்மாம் பெரிய பள்ளம், கார் போய் மரத்துல மாட்டிக்குது. நான் அந்தப் படத்தை எத்தனையோ தடவை பாத்துட்டேன், கண்ணுல படவே இல்ல, போன வருஷம் அக்கா பொண்ணு கூட உக்காந்து பாக்கும்போது அவதான் ரிமோட்டை பிடுங்கி நிறுத்தி "மாமா, டைனோசர் இப்போ எது மேல நின்னுட்டு இருந்துச்சு?"ன்னு கேட்டா. திருப்பி ஓட்டி ஓட்டி பாத்தோம். அதுக்கப்புறமும் அந்த சீன்ல அவ என் கையை விடல.

தப்புன்னு நெனைச்சது தப்பே இல்லாமலும் இருக்கும். ஹீரோ மார்ட்டி கார்லயே பழைய காலத்துக்குப் போற பேக் டு தி ஃபியூச்சர்ல மால் பேரு ட்வின் பைன்ஸ்னு இருந்து கடைசில லோன் பைன்னு மாறும், 1955ல மார்ட்டி ஒரு பைன் மரத்தை கார்ல இடிச்சு சாய்ச்சதால வந்த மாற்றம் அது. அதே படத்துல 1955ல அவன் வாசிக்கற கிப்சன் கிட்டார் மாடல் 1958லதான் வந்துச்சு, அது நிஜத் தப்பு. எதைத் தொடலாம் எதைத் தொடக்கூடாதுன்னு வெளிய இருந்து அவ்ளோ சுலபமா சொல்லிட முடியாது.

எனக்கு ரொம்ப உறுத்தறது பிளேட் ரன்னர்ல ஷோரா சாகற இடம். கண்ணாடியெல்லாம் உடைச்சுக்கிட்டு ஓடுறது ஷோராவா நடிச்ச ஜோனா கேசிடி இல்ல, லீ புல்ஃபோர்ட்னு ஒரு ஸ்டன்ட் ஆர்ட்டிஸ்ட். விக் பொருந்தாம முகமும் தெரியும், வருஷக்கணக்கா அதை கிண்டல் பண்ணிட்டே இருந்தாங்க. 2007ல கேசிடியையே திரும்ப வரவச்சு அவங்க முகத்தை ஷூட் பண்ணி டூப் முகத்து மேல ஒட்டிட்டாங்க. நல்லா பண்ணியிருக்காங்க, ஒட்டினதே தெரியல. கேசிடியோட கேரக்டர் அது, அவங்களுக்கு அந்த நியாயம் கிடைச்சதுல எனக்கு சந்தோஷம்தான். ஆனா ஓடி விழுந்தது இன்னொரு பொண்ணு, அந்த ஷாட்ல அவங்களுக்குன்னு இருந்தது அந்த முகம் ஒண்ணுதான், அதையும் எடுத்தாச்சு.

இருந்தாலும் ஸ்காட் டீமை நான் மதிக்கறேன். 2007ல வந்த டிஸ்க் பெட்டில ஒர்க்பிரின்ட் (ரிலீஸுக்கு முன்னாடி இருந்த வெர்ஷன்), 1982 அமெரிக்க வெர்ஷன், வெளிநாட்டு வெர்ஷன், 1992 டைரக்டர்ஸ் கட், ஃபைனல் கட்டுன்னு அஞ்சையும் குடுத்தாங்க. எது வேணுமோ பாத்துக்கோன்னு. ஸ்டார் வார்ஸுக்கு அந்த அளவுக்கு நடக்கல. 1977ல வந்த முதல் படத்துல கன்ட்ரோல் ரூமுக்குள்ள வர்ற ஒரு ஸ்டார்ம்ட்ரூப்பர், வெள்ளைக் கவசம் போட்ட சிப்பாய், கதவுல தலையை இடிச்சுக்குவான், அந்த தப்பை லூகாஸே ரசிச்சாரு, 2002 படத்துல ஜாங்கோ ஃபெட்ங்கற கேரக்டரையும் இடிச்சுக்க வச்சாரு, 2004 டிவிடில அந்த பழைய இடிக்கு சத்தமும் சேத்தாரு. அது வரைக்கும் சரி. ஆனா இன்னிக்கு ஓடிடில போட்டா வர்றது 1977ல ஜனங்க கியூவுல நின்னு பாத்த படம் இல்ல, லூகாஸ் அப்புறமா மாத்தினது. 1988ல அமெரிக்க காங்கிரஸ் முன்னாடி போய் பழைய படங்களை மாத்தக்கூடாதுன்னு வாதாடினவரு லூகாஸ், அன்னிக்கு அவரு பேசினதைத்தான் நானும் கேக்கறேன்.

இப்போ நிலைமை இன்னும் மோசம். 2020ல மாண்டலோரியன்ங்கற ஸ்டார் வார்ஸ் சீரிஸோட ரெண்டாவது சீசன்ல ஒரு ஷாட்ல ஜீன்ஸ் போட்ட ஒரு யூனிட் ஆளு ஓரமா நின்னுட்டு இருந்தாரு, கொஞ்ச நாள்ல டிஸ்னி பிளஸ்ல அவரைக் காணோம். டிஸ்க் காலத்துல வாங்கினது வீட்ல இருக்கும், யாரும் உள்ள வந்து மாத்த முடியாது. ஓடிடில நேத்து பாத்த படமும் இன்னிக்கு பாக்கற படமும் ஒண்ணுதானான்னு எதை வச்சு சொல்வீங்க? எப்போ என்ன மாத்தினோம்னு படத்துக்குக் கீழ ஒரு வரி போடறதுல என்ன கஷ்டம்னு எனக்கு புரியல. பழைய டிவிடி வச்சிருக்கவங்க தயவுசெஞ்சு எடைக்குப் போட்டுடாதீங்க.

என்கிட்ட அந்த அஞ்சு வெர்ஷன் பெட்டி இருக்கு, பிளேயரும் ஓடுது. சென்னைல இருக்கவங்க மெசேஜ் பண்ணுங்க, ஒரு ஞாயித்துக்கிழமை 82 வெர்ஷனைப் போடறேன், லீ புல்ஃபோர்ட் அவங்க முகத்தோடயே ஓடறதைப் பாக்கலாம்.