கொஞ்சம் நெடிதானாம்

"கொஞ்சம் நெடி. அதற்குப் போய் ஆட்டோ, ஆஸ்பத்திரி, அமர்க்களமா?"

கழிப்பறை கழுவும் அக்காவை நெடி தாக்கி ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதற்கு, நம் குடியிருப்புக் குழுவில் நேற்று வந்த இந்த வரியை உங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். எனக்கு இரவு முழுக்க அதே வரிதான்.

பிளீச்சிங் பவுடரைத் தூவி அதன்மேலேயே ஆசிட்டை ஊற்ற அக்காவிடம் சொன்னது நாம். கறை சீக்கிரம் போகுமாம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப்போரில், 1915-இல், ஜெர்மன் படை எதிரியின் பதுங்குகுழிகளை நோக்கித் திறந்துவிட்டதும் இந்தக் 'கொஞ்சம் நெடி'யைத்தான்.

"மெட்ரோ தண்ணீரிலும் குளோரின்தானே, தினமும் குடிக்கிறோமே?" என்று ஒருவர் மடக்கினார். குடிக்கிறோம் ஐயா. குழாய்த் தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும் என்பதே விதி. அளவு! அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பாட்டி சொன்னதும், 16ஆம் நூற்றாண்டில் மருத்துவர் பாராசெல்சஸ் சொன்னதும் ஒன்றுதான். எவ்வளவு, எந்த வழியாக, எத்தனை நேரம்? இதைக் கேட்காமல் நஞ்சு என்றும் நஞ்சில்லை என்றும் பேசவே முடியாது.

"நானும் அங்கேதான் நின்றேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே." நீங்கள் வாசலில் நின்றீர்கள். குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனம்; தரையோடு தங்கும். அந்த அக்கா ஜன்னல் இல்லாத கழிப்பறையில் குந்தியபடி தேய்த்துக்கொண்டிருந்தார். மூச்சுக்குழாயின் ஈரத்தில் பட்டால் குளோரின் அமிலமாகும். நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தும் வரலாம். அதனால்தான் ஆட்டோ.

பெரிய மேதாவி என்கிறீர்களா? 2015 வெள்ளம் வடிந்த வாரம், சைதாப்பேட்டை வீட்டில் சேற்றைத் தள்ளிவிட்டு, வேதியியல் படித்த நானே ஒரே வாளியில் பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் கலந்தேன். அம்மாதான் சட்டையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துப் போட்டார். நான்கு நாள் இருமல். எதிர்வீட்டுக்காரர் வெந்நீர்ச் சொம்போடு வந்தார். ஏன் இந்த அமர்க்களம் என்று அவர் கேட்கவில்லை.

'கெமிக்கலே வேண்டாம், எலுமிச்சை போதும்' என்ற இயற்கை அன்பருக்கு: பிளீச்சிங் பவுடர்மேல் எலுமிச்சை பிழிந்தாலும் குளோரின்தான் வரும். அரளி விதையும் இயற்கைதான், சாப்பிடுவீர்களா?

அக்காவே கவனமாக இருந்திருக்கலாமாம். இருந்திருக்கலாம். நாம் அவரிடம் கொடுத்த ஆசிட் பழைய தண்ணீர் பாட்டிலில் இருந்தது. அதில் ஒட்டியிருந்தது குடிநீர் லேபிள்.

ஆட்டோவுக்கு 180 ரூபாய். நானே கொடுத்துவிட்டேன், பராமரிப்புக் கணக்கில் எழுத வேண்டாம். அக்கா இன்று காலை வேலைக்கு வந்துவிட்டார், இன்னும் இருமுகிறார். எப்படி இருக்கிறார் என்று குழுவில் ஒருவரும் கேட்கவில்லை. கீழ்த்தளக் கழிப்பறையில் கறை போகவில்லை என்று ஒரு படம் மட்டும் வந்திருக்கிறது.